மூன்றில் ஒன்று வேறு

பியர் உலகத்தில் மைக்கேல் ஜாக்சன் என்றால் பாடகர் அல்ல. 1942 முதல் 2007 வரை வாழ்ந்த, இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரைச் சேர்ந்த பத்திரிகையாளர். 1977இல் வெளிவந்த அவருடைய உலக பியர் வழிகாட்டிதான், பியர்களைத் தயாரிக்கும் முறையும் சுவையும் பார்த்து வகைவகையாகப் பிரித்துக் காட்டிய முதல் பெரிய நூல். சிறு ஆலைகளின் பியர்களை நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இன்று பல நாடுகளில் பரவியிருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவர் இலங்கைக்கு வந்து, கண்டியில் ஒரு பியர் கடையில், மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றிய கறுப்பு ஸ்டவுட்டைச் சுவைத்துவிட்டு அதை உலகத்துக்கு எழுதினார்.

அந்த ஸ்டவுட் நுவரெலியாவில் தயாரானது. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பின்னாளில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிப்போய்ப் பெயர் பெற்ற அதே பேக்கர், அங்கே சிறிதாக பியர் தயாரிக்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1881இல் அது வணிக ஆலையாக வளர்ந்தது. லவர்ஸ் லீப் அருவிப் பக்கத்து ஊற்றுத் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்தின் குளிர், கப்பலில் வந்து மலையேறிய பார்லி மோல்ட், ஹொப்ஸ். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் வெப்ப நாட்டில் பியர் தயாரிக்க இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஓடிய ஆலை 1990களில் பியகமவுக்கு இறங்கியது. கண்டியில் அவர் சுவைத்த அந்த லயன் ஸ்டவுட் இன்றும் இருக்கிறது. பியர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார்செய்யும் அமெரிக்க அமைப்பு ஒன்று 2015இல் வெளியிட்ட வகைப் பட்டியலில், ‘வெப்பமண்டல ஸ்டவுட்’ என்று ஒரு தனி வகையே உண்டு. அதற்கு உதாரணமாகச் சொல்லப்படும் பியர்களில் ஜமைக்காவினதும் சிங்கப்பூரினதும் பக்கத்தில் நம்முடைய மலைநாட்டில் பிறந்ததும் இருக்கிறது.

கோப்பி, கறுப்பு சொக்லேட், உலர்ந்த பழம், கருகிய சீனி. இந்த ஸ்டவுட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சுவைகள் இவை. அந்தக் கிளாஸில் கோப்பியும் இல்லை, சொக்லேட்டும் இல்லை, பழமும் இல்லை. பிறகு எப்படி அவை நாக்கில் வந்தன? அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி: ஒருவர் அவற்றை உண்மையாகவே உணர்ந்தாரா, அல்லது பக்கத்தில் இருந்தவர் சொன்னதால் உணர்ந்தாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதற்கேள்விக்கு இரசாயனம் பதில் சொல்கிறது. இரண்டாவதற்குப் பதில் தேடிப் போனவர்கள் நவீன புள்ளிவிபரவியலின் அடித்தளத்தில் சில கற்களை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் முன்னால் இருந்தவை இரண்டே பானங்கள், பியரும் தேநீரும். இரண்டையும் தன் மலையிலேயே ஆக்கிய ஊர்ப்பக்கம் நம்முடையது. ஆகவே இந்தக் கதை கண்டியிலிருந்து சொல்லப்பட வேண்டியது என்று நினைக்கிறேன்.

முதலில் கிளாஸுக்குள் இருப்பதைப் பார்ப்போம். பார்லியை நனைத்து முளைக்கவிட்டு, முளை நீளுமுன் காயவைத்தால் மோல்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதியங்கள் விழித்துக்கொள்கின்றன. பிறகு வெந்நீரில் ஊறும்போது அவை மாப்பொருளை வெட்டிச் சீனியாக்குகின்றன. ஸ்டவுட்டுக்கு இந்த மோல்ட்டில் ஒரு பகுதியைக் கருகும் எல்லைவரை வறுப்பார்கள். 1817இல் டானியல் வீலர் என்ற ஆங்கிலேயர் கோப்பிக்கொட்டை வறுப்பதுபோலச் சுழலும் உருளையில் மோல்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் இன்று நாம் காணும் கன்னங்கரிய பியர் எளிதாயிற்று. வறுக்கும் சூட்டில் சீனியும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதிய சேர்வைகள் பிறக்கின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி லூயி காமில் மயாரின் பெயராலேயே அந்த வினை அழைக்கப்படுகிறது. அதில் பிறக்கும் பிரசீன்கள் என்ற குடும்பம் வறுத்த கோப்பியிலும் உண்டு, கொக்கோவிலும் உண்டு, பாண் மேற்தோலிலும் உண்டு. எனவே ஸ்டவுட்டில் கோப்பி மணக்கிறது என்று சொல்பவர் கற்பனை செய்யவில்லை. ஒரே மூலக்கூறுகள் இரண்டிலும் இருக்கின்றன.

பழவாசம் மதுவத்தின் வேலை. மதுவம் சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுவது எல்லோரும் பள்ளியில் படித்தது. அதோடு சிறிதளவு எசுத்தர்களும் வெளியாகின்றன. அவற்றில் ஒன்று ஐசோஅமைல் அசற்றேற்று, வாழைப்பழ வாசத்தின் முக்கிய பங்காளி. நொதிக்கும் இடம் சூடாக இருந்தால் பொதுவாக எசுத்தர்கள் கூடும். லாகர் வகை மதுவத்துக்குப் பழக்கமான இடம் 8 முதல் 13 பாகை வரையான குளிர். வெப்பமண்டல ஸ்டவுட்டில் அதே மதுவத்தைச் சற்று வெதுவெதுப்பான இடத்தில் வேலை செய்ய விடுகிறார்கள். அந்த வகையின் உலர்பழச் சுவைக்கு இது ஒரு காரணம். கித்துள் கள்ளு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. காலையில் இறக்கிய இனிப்பு நீர் மாலைக்குள் வேறு பானமாகி நிற்கும். வெயில் ஏறிய நாளின் கள்ளுக்கும் மழை நாளின் கள்ளுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவர்கள் கண்டியைச் சுற்றிய கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

கசப்பு ஹொப்ஸ் பூவிலிருந்து வருகிறது. கொதிக்கும்போது அதன் அமிலங்கள் உருமாறி, கரைந்து, கசக்கத் தொடங்குகின்றன. இந்த அமிலங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு, வெளிச்சம். பியரில் இயல்பாகவே இருக்கும் ரைபோபிளேவின், அதாவது விற்றமின் பி2, ஒளியை உறிஞ்சி இந்த அமிலங்களைச் சிதைக்கிறது. சிதைவிலிருந்து கந்தகம் சேர்ந்த ஒரு மூலக்கூறு பிறக்கிறது. எரிந்த றப்பரும் அழுகிய பூண்டும் கலந்தாற்போன்ற அந்த நாற்றத்தை உணர, லீற்றருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கே போதும். மண்ணிறப் போத்தல் இந்த வினைக்குக் காரணமான ஒளியைப் பெருமளவு தடுக்கும். பச்சைப் போத்தலும் நிறமற்ற போத்தலும் தடுப்பதில்லை. கண்ணாடி ஜன்னலருகே அடுக்கிவைத்த பச்சைப் போத்தலை வாங்கியவர் அந்த நிறுவனத்தின் பியர் கூடாது என்று முடிவுகட்டுவது அதற்குச் செய்யும் அநியாயம். கூடாதது அந்த ஜன்னல். சூடும் இப்படித்தான். வெப்பத்தில் நெடுநாள் கிடந்த பியரில் ஈர மட்டைப்பெட்டியின் வாசம் ஏறும். அதற்கும் ஒரு மூலக்கூறு பெயரோடு அடையாளம் காணப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டு பியர்களை ஒப்பிட உட்காரும்போது, நாம் ஒப்பிடுவது தயாரித்தவரின் கைத்திறனையா, கடைக்காரர் போத்தலை வைத்திருந்த இடத்தையா என்ற கேள்வி எப்போதும் மேசையில் இருக்க வேண்டும்.

தண்ணீரைச் சொல்லாமல் போக முடியாது. மலைநாட்டுத் தண்ணீர் மென்மையானது, கல்சியமும் இருகாபனேற்றும் குறைந்தது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லின் மேலிருக்கும் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கண்டியில் வாங்கிய அதே தேயிலையை யாழ்ப்பாணத்தில் ஊற்றினால் நிறம் மங்கி, மேலே மெல்லிய ஏடு படிவதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். பியர் வரலாற்றிலும் இதே கதைதான். கடினத் தண்ணீர்ப் பக்கங்களில் கறுப்பு பியர் செழித்தது, டப்ளின் அதற்குப் பேர்போன ஊர். மென்மையான தண்ணீர் உள்ள செக் நாட்டின் பில்சனில் வெளிர் பியர் செழித்தது. கருக வறுத்த மோல்ட் அமிலத்தன்மை உடையது, இருகாபனேற்று அதைச் சமன்செய்யும். அந்தக் கணக்கின்படி பார்த்தால் நுவரெலியாவின் தண்ணீர் வெளிர் பியருக்கே ஏற்றது. அங்கிருந்து ஒரு ஸ்டவுட் பேர் வாங்கியது எனக்கு மிகவும் பிடித்த முரண். அமிலத்தன்மையை அளக்க இன்று நாம் பயன்படுத்தும் பிஎச் அளவுகோலே ஒரு பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில்தான் பிறந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுகூடத்தில் சோரன்சன் 1909இல் அதை முன்வைத்தார்.

இனி நாக்குக்கு வருவோம். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரங்களில் புளிப்பு என்று பாடப்புத்தகத்தில் நாம் பார்த்த நாக்குப் படம் பிழை. 1901இல் ஹேனிக் என்ற ஜேர்மன் ஆய்வாளர் நாக்கின் பகுதிகளுக்கிடையே சிறிய வேறுபாடுகளைக் கண்டார். 1942இல் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளரின் நூல் அதை எடுத்தாண்ட விதத்தில் அந்தச் சிறு வேறுபாடுகள் தனித்தனிப் பேட்டைகளாகிவிட்டன. உண்மையில் எல்லாச் சுவையையும் நாக்கின் எல்லாப் பக்கமும் உணரும். மனிதருக்குக் கசப்பை உணரும் வாங்கிகள் மட்டும் சுமார் 25 வகை. அவற்றில் சில வாங்கிகளின் மரபணு ஆளுக்கு ஆள் மாறும். 1931இல் ஆர்தர் பொக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுகூடத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தபோது, பக்கத்தில் இருந்தவர் கடுமையாகக் கசக்கிறது என்றார். பொக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. பரம்பரையாக வரும் இந்த வேறுபாடு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. எனவே “உனக்கு நாக்கு செத்துப்போச்சு” என்று நண்பரைக் கடிந்துகொள்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். அவருடைய வாயில் இருப்பது உண்மையிலேயே வேறு வாங்கியாக இருக்கலாம்.

நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மணம். வாயில் இருக்கும் பானத்திலிருந்து ஆவியாகும் மூலக்கூறுகள் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் ஸ்டவுட் குடித்தால் கசப்பும் இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் மட்டும் நிற்கும். கையை எடுத்த கணத்தில் கோப்பியும் பழமும் வந்து சேரும். இனிப்பையும் கசப்பையும் கடத்தும் நாக்குக் கலங்களில் வெப்பநிலைக்கு ஏற்பச் செயற்படும் ஒரு வழி இருக்கிறது என்பதை 2005இல் கண்டறிந்தார்கள். சூடு ஏற ஏற அது நன்றாகத் திறக்கும். அதனால்தான் பனிக்கட்டிபோல் குளிர்ந்த பியரில் குறையும் தெரிவதில்லை, நிறையும் தெரிவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர் ஸ்டவுட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரமாவது வெளியே வைக்க வேண்டும். கண்டியின் மாலை நேரத்துக்கு அது போதும்.

ஆனால் நாக்கையும் மூக்கையும் விடப் பெரிய சக்தி ஒன்று மேசையில் இருக்கிறது. 2001இல் பிரான்சின் போர்தோவில் மொரோ, புரோஷே, டுபூர்டியூ என்ற மூவர் வைன் கல்வி பயிலும் 54 மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வெள்ளை வைனை மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். மாணவர்கள் அதை வர்ணிக்க எடுத்த சொற்கள் பெரும்பாலும் சிவப்பு வைனுக்கு உரியவை. கண் சொன்னதை மூக்கு ஒப்புக்கொண்டது. கறுப்பு பியரில் கோப்பி தேடுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறத்தைக் கண்டதுமே மூளை பாதி வேலையை முடித்துவிடுகிறது.

கண்ணைவிடவும் ஏமாற்றுவது காது. பேராதனைப் பக்கத்தில் நண்பர் வீட்டு விறாந்தையில் நாலைந்து போத்தல்களை வைத்து இப்படி ஒப்பிட்டுப் பார்த்த மாலை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருவர் முதல் வாயிலேயே, “மச்சான், இதில கித்துள் பாணி வாசம் வருது பாரு” என்றார். அதற்குப் பிறகு அந்த மேசையில் வேறு வாசமே வரவில்லை. எல்லோரும் கித்துள் பாணியையே கண்டோம். பொய் சொன்னவர் யாருமில்லை. மணத்துக்குப் பெயர் தேடுவது மூளைக்குக் கடினமான வேலை, யாராவது ஒரு பெயரைத் தந்தால் அதை நன்றியோடு பிடித்துக்கொள்ளும். 1950களில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் செய்த சோதனைகளில், கூட இருந்தவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே பிழையான பதிலைச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான தடவை ஆட்கள் அந்தப் பிழையையே தாமும் சொன்னார்கள். கண்ணெதிரே தெளிவாக நிற்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், ஆவியாகிப் பறக்கும் மணத்துக்கு என்ன ஆகும்? நண்பர்களோடு சுவைப்பது போன்ற இன்பம் வேறில்லை. ஆனால் ஒப்பிடுவதற்கு நட்பு ஒரு தடை. அன்பு அதிகமான மேசையில் கருத்து வேற்றுமை குறைந்துபோகிறது.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் பியர் ஆலைக்காரர்கள். 1940களில் கார்ல்ஸ்பர்க் ஆலையில் சுவைக் குழுவுக்கு ஆள் தெரிவதற்கு முக்கோணச் சோதனை என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். (லயன் நிறுவனத்தில் இன்று கார்ல்ஸ்பர்க்குக்கும் பங்கு உண்டு என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.) முறை மிக எளிது. மூன்று கோப்பை. இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு பியர். எது எங்கே இருக்கிறது என்று சுவைப்பவருக்குத் தெரியாது. கேள்வி ஒன்றே ஒன்று: எது வேறு? எது நல்லது என்று கேட்பதில்லை. என்ன வாசம் என்றும் கேட்பதில்லை. வித்தியாசமே தெரியாத ஒருவர் எதை வர்ணித்தாலும் அதற்கு மதிப்பில்லை என்பதுதான் இந்தக் கேள்வியின் கண்டிப்பு.

குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். எனவே ஒருவர் ஒருமுறை சரியாகச் சொன்னால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. எத்தனை பேர் சொன்னால் நம்பலாம்? ஐந்து பேர் சுவைத்து நால்வராவது சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நடந்திருக்கும் நிகழ்தகவு 243இல் 11, நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் கீழே. ஆறு பேரில் நால்வர் என்றால் போதாது. ஏறத்தாழப் பத்துத் தடவையில் ஒரு தடவை தற்செயலே அதைச் செய்துவிடும். ஆறு பேரில் ஐவர் வேண்டும். பத்துப் பேரில் ஏழு பேர் வேண்டும். இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க சாதாரண தர கணிதம் போதும்.

சிறிய எண்ணிக்கையிலிருந்து நம்பத்தக்க முடிவு எடுப்பது எப்படி என்ற கேள்விக்கே பியர் வாசம் உண்டு. வில்லியம் கொசெட் 1899இல் டப்ளினின் கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். பார்லியின் தரத்தை ஒரு சில மாதிரிகளை வைத்தே அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான அளவீடுகளுக்கு ஏற்பட்டிருந்த அன்றைய கணக்குமுறைகள் அவருக்கு உதவவில்லை. 1908இல் ‘பயோமெட்ரிக்கா’ இதழில் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்று மருத்துவ ஆய்விலிருந்து விவசாயம் வரை பயன்படும் டி-சோதனையின் மூலம். நிறுவனம் தன் ஊழியர்களைச் சொந்தப் பெயரில் எழுத விடாததால் ‘ஸ்டூடன்ட்’ என்று கையெழுத்திட்டார். இன்றும் பாடநூல்களில் அது ஸ்டூடன்டின் டி-சோதனைதான்.

அடுத்த படி தேநீரிலிருந்து வந்தது. 1920களில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் பிஷர் வேலை செய்துகொண்டிருந்தார். பாசிகளை ஆராயும் மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி, கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா தேநீரை ஊற்றினார்களா என்பது தனக்குச் சுவையிலேயே தெரியும் என்றார். பிஷர் நம்பவில்லை, சோதித்துப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், ஒழுங்கு கலைக்கப்பட்டது. எட்டிலிருந்து நான்கைத் தெரிய 70 வழிகள் உண்டு. எனவே ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70இல் ஒன்று. பிஷர் 1935இல் வெளியிட்ட பரிசோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் இந்த எட்டுக் கோப்பைகளை வைத்தே எழுந்தமானத் தெரிவின் அவசியத்தை விளக்கினார். பிரிஸ்டல் எட்டையும் சரியாகச் சொன்னார் என்று அங்கிருந்த ஒருவர் பின்னாளில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பெண் ஒருவர் தன் நாக்கைப் பற்றிச் சொன்னதைச் சிரித்து ஒதுக்காமல் எட்டுக் கோப்பை வைத்துப் பார்த்தார்களே, அந்த மரியாதையிலிருந்துதான் பரிசோதனை அறிவியல் இவ்வளவு தூரம் வந்தது என்று எனக்குத் தோன்றும்.

கண்டியைச் சுற்றிய தேயிலைத் தொழிற்சாலைகளில் இந்த ஒழுக்கம் அன்றாட வேலை. 1867இல் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் வந்த இலைத்துரு நோய் அடுத்த ஆண்டுகளில் கோப்பியை அழித்தபோது அந்த 19 ஏக்கர் மலைநாட்டின் திசையையே மாற்றியது. கொழும்பில் 1883இல் ஏலம் தொடங்கியதிலிருந்து இலங்கைத் தேயிலைக்கு விலை போடுவது சுவைஞரின் வாய். வரிசையாக வெள்ளைப் பீங்கான் பாத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் காய்ந்த தூள், ஊறிய இலை, வடித்த சாயம். சர்வதேசத் தர நிர்ணயம் இந்தச் சடங்குக்கே ஒரு விதி வைத்திருக்கிறது: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். சுவைஞர் கரண்டியால் எடுத்துப் பெரிய சத்தத்தோடு உறிஞ்சுவார். சாயம் துளித்துளியாகச் சிதறி, அதன் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறட்டும் என்பதற்காக. பிறகு துப்பிவிடுவார். அடுத்த கோப்பை. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு இல்லை. நான் பேராதனை விறாந்தையில் கண்ட குழப்பத்துக்கு மாற்று, ஒன்றரை நூற்றாண்டாக நமக்கு மேலே இருக்கும் மலையில் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த விதிக்குள்ளும் மலை தன் கையைக் காட்டும். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் கண்டி நகரில் ஏறத்தாழ 98 பாகையில் கொதிக்கும், நுவரெலியாவில் 94 பாகையிலேயே. ஒரே தூளை மூன்று இடத்திலும் ஆறு நிமிடம் ஊறவைத்தாலும் சாயத்தில் இறங்குவது ஒரே அளவாக இராது.

இந்தச் சுவைப் பயிற்சி பெரும்பாலும் கொழும்பு நிறுவனங்களுக்குள்ளும் ஆங்கிலச் சொற்களுக்குள்ளும் அடைபட்டுக் கிடப்பது எனக்கு வருத்தம். கொழுந்து பறித்தவர்களின் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஊற்றப்பட்டது பெரும்பாலும் டஸ்ட் தூள். தாம் ஆக்கிய தேயிலையின் முதல்தரத்தை வரிசையாக வைத்து, எது நன்று, எது குறை, ஏன் என்று பேசிப்பார்க்கும் வாய்ப்பு அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. தொழிற்சாலை டீமேக்கர்களிடம் இருக்கும் அறிவு எழுத்தில் ஏறவில்லை. உருட்டிய இலையை மூக்கருகே வைத்தே நொதிப்பு போதுமா என்று சொல்லக்கூடிய மனிதர்கள் அவர்கள்.

பியரைப் பற்றி எழுதும்போது மதுசாரத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது, அதிலும் மலையகத்தில். லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 வீதம். 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 43 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. ஒரு நிலையான அளவு பானம் என்று பல நாடுகள் கணக்கிடுவது 10 கிராம். அதாவது ஒரு போத்தல் நாலு பானத்துக்கு மேல். தோட்டத்து லயன் வீடுகளில் சம்பள நாளில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்த எண்ணை இலேசாக வாசிக்க மாட்டார்கள். ஒப்பிட்டுச் சுவைப்பது குடிப்பதல்ல. அதற்கு ஆளுக்கு 30 மில்லிலீற்றர் போதும், அதில் மதுசாரம் சுமார் 2 கிராம். துப்புவதற்கு ஒரு பாத்திரம் மேசையில் இருக்க வேண்டும், துப்புவதில் வெட்கமும் இருக்கக் கூடாது. 21 வயது நிரம்பாதவருக்கு மதுபானம் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது.

வயது வந்த நண்பர்கள் முக்கோணச் சோதனையைப் பியரிலேயே செய்து பார்ப்பதானால் சில விடயங்கள் வேண்டும். ஊற்றுபவர் ஒருவர், அவர் சுவைப்பதில்லை. அவரே சமையலறையில் ஊற்றி, கோப்பையின் அடியில் எண் எழுதி, பேசாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தே பதிலைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. இரண்டு பியர்களை மூன்று கோப்பையில் வைக்க ஆறு ஒழுங்குகள் உண்டு, ஆறையும் சமமாகப் பயன்படுத்த வேண்டும். ஏனென்றால் குடிக்கும் ஒழுங்கே சுவையை மாற்றிக் காட்டும். நிறம் வேறுபட்டால் விளக்கை அணைக்கலாம், அல்லது நிறம் தெரியாத குவளையில் ஊற்றலாம். இடையில் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். பதிலைத் தாளில் எழுதி மடித்து வைத்த பிறகுதான் வாய் திறக்கலாம். அதற்குப் பிறகு வரும் வாக்குவாதம் முன்னைவிட மிகவும் ருசியாக இருக்கும். கையில் எழுத்து இருப்பதால் யாரும் சத்தமில்லாமல் கட்சி மாற முடியாது. ஜன்னலில் வெயில் பட்ட போத்தலையும் பெட்டிக்குள் இருந்த போத்தலையும், ஒரே பியர்தான், முதற் சோதனையாக வைக்கலாம். வெளிச்சத்தின் வேலை அந்த இரவிலேயே தெரியும்.

ஆனால் நான் இதை முதலில் பார்க்க விரும்புவது ஒரு வகுப்பறையில். கலஹவிலோ ஹேவாஹெட்டவிலோ இருக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையின் விஞ்ஞான பாடத்தில். தேவையானது மலிவு: ஹந்தானப் பக்கத்துத் தூள் ஒன்று, நுவரெலியாத் தூள் ஒன்று, தராசு, மணிக்கூடு, கொதிநீர், 36 சிறு கோப்பைகள். பன்னிரண்டு மாணவர்கள், ஆளுக்கு மூன்று கோப்பை. தற்செயல் மட்டும் வேலை செய்தால் சுமார் நான்கு பேர் சரியாகச் சொல்வார்கள். எட்டுப் பேர் சரியாகச் சொன்னால் அப்படி நடக்க நிகழ்தகவு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு, மலையின் உயரம் கோப்பையில் தெரிகிறது என்று கரும்பலகையில் எழுதலாம். ஏழு பேர் என்றால் எழுதக் கூடாது, கேத்தலை மறுபடியும் அடுப்பில் வைக்க வேண்டும்.